எதிரி நாட்டுத் தாளிப்பு

"உங்க வீட்டுல கடுகு தாளிக்கிற புகை எங்க ஆபீசு ஜன்னல் வழியா உள்ள வந்து அரசாங்கக் கோப்பு மேல உக்காருதாம். ஊழியருங்க தும்முறாங்களாம். நாளையிலேர்ந்து தாளிக்காம சமைக்கணுமாம். மீறித் தாளிச்சா மேல எழுதிடுவாராம். ஐயா சொல்லச் சொன்னாரும்மா."

இதை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, பக்கத்து ஆபீசுப் பியூன் வேடியப்பன் களைத்துப்போய்ச் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டார். சந்திரகலா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உங்க ஐயா மத்தியானம் எங்கப்பா சாப்பிடுறாரு?"

"வீட்டுலேர்ந்து கேரியர் வருதும்மா."

"அந்தக் கேரியர் ரசத்துல கடுகு மிதக்குமா, மிதக்காதா?"

"மிதக்கும்."

"அப்ப அதையும் சேத்து மேல எழுதச் சொல்லு."

தனக்குப் புகாரைக் கொண்டுவரத்தான் உத்தரவு, பதிலைக் கொண்டுபோக உத்தரவு இல்லை என்று வேடியப்பன் பணிவாகத் தெரிவித்தார். அதற்குள் வாணலியில் கடுகு வெடித்தது. அவர் அங்கேயே தும்மினார். தும்மியது அரசு ஊழியர் என்ற முறையிலா, தனிமனிதர் என்ற முறையிலா என்று சந்திரகலா கேட்டாள். அதற்கும் அவரிடம் உத்தரவு இல்லை.

பக்கத்து வீடு ஆபீசு ஆன கதையைச் சொல்லாவிட்டால் இந்தச் சண்டை புரியாது. எண்பத்தொன்பதாம் வருடம் புரட்டாசியில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. தொப்புள்கொடி விழுவதற்குள் வேங்கிக்காலில் காலியாகக் கிடந்த வீடுகளெல்லாம் ஆபீசுகளாகிவிட்டன. கறவை மாடு கட்டியிருந்த கொட்டகை ஒன்றில் ஒரு துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். மாடு பழைய ஞாபகத்தில் சாயங்காலமானால் வந்து அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தாய்க்கு உள்ளதெல்லாம் சேய்க்கும் உண்டு என்பது பிரிவினைக் கொள்கை. தாய் மாவட்டத்தில் இரசாயனப் போர்த் தற்காப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்தப் போருக்காக அதை ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. போர் முடிந்ததும் அதை மூட வேண்டும் என்பதும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆகவே சேய்க்கும் ஒன்று வந்தது. அது சந்திரகலா வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் வந்து உட்கார்ந்தது.

பங்கு பிரித்த கமிட்டி எள்ளளவும் பாரபட்சம் காட்டவில்லை. விஷவாயு முகமூடி என்பது முகத்தில் மாட்டுகிற ரப்பர், அதிலிருந்து தும்பிக்கை போலத் தொங்குகிற குழாய், குழாயின் முனையில் காற்றை வடிகட்டுகிற டப்பா, மூன்றும் சேர்ந்தது. ரப்பரும் குழாயும் புது மாவட்டத்துக்கு, டப்பா பழைய மாவட்டத்துக்கு. எதிரி வருகிற சமயத்தில் இரண்டு மாவட்டங்களும் கலந்து பேசிக்கொள்ளலாம் என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தார்கள்.

பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சகாதேவன். இரசாயனப் போர்த் தனி வட்டாட்சியர் என்பது பதவி. இதற்கு முன்பு கால்வாய்க்கு நிலம் எடுக்கிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர், கடமை தவறாதவர். அதுதான் ஊருக்குப் பிடித்த சனி. மேலிடத்துச் சுற்றறிக்கையை யாரோ ஆட்சிமொழிப் பற்றில் அவசரமாகத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஏஜெண்ட் என்று இருந்த இடத்திலெல்லாம் தமிழில் முகவர் என்று இருந்தது. நரம்பு முகவர், கொப்புள முகவர், மூச்சுத்திணறல் முகவர் ஆகியோர் மாவட்டத்துக்குள் காணப்பட்டால் உடன் நடவடிக்கை எடுக்கவும் என்று கடைசி வரி. சகாதேவன் ஊரிலுள்ள முகவர்கள் அத்தனை பேருக்கும் ஆள் அனுப்பினார். உர முகவர் வந்தார். லாட்டரிச் சீட்டு முகவர் வந்தார். சமையல் வாயு முகவர் பயந்துபோய் வக்கீலோடு வந்தார். ஆயுள் காப்பீட்டு முகவர் மட்டும், விசாரணை முடிவதற்குள் தனி வட்டாட்சியரையே ஒரு பாலிசிக்குக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுப் போனார். மூச்சுத்திணறல் முகவர் இவரே என்று கோப்பில் பதிவாயிற்று.

அதே சுற்றறிக்கையில்தான் கடுகு வாயு இருந்தது.

சந்திரகலா அன்றைக்கே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து ஆபீசுக்குப் போனாள். அவள் கணவர் சக்கரபாணிக்கும் சர்க்கார் உத்தியோகம்தான். போகாதே என்று அவர் சொல்லியிருப்பார். ஆனால் இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. கான்வென்டில் படித்தவள் என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டார். என்ன கட்டிக்கொண்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சகாதேவன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிற ஊர் என்பதால், தீபத்துக்கு முன்பாக ஒரு பெரிய ஒத்திகை நடத்த வேண்டியிருக்கிறது, இரசாயனப் போரின் வரலாறு என்ற தலைப்பில் தானே ஒரு சொற்பொழிவும் ஆற்ற வேண்டியிருக்கிறது, தும்மலோடு அதைத் தயாரிக்க முடியவில்லை, போதாக்குறைக்குக் கடுகு வாயு ஆபத்தானது என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார்.

"சார், கடுகு வாயுன்னா மஸ்டர்ட் கேஸ். அதுல கடுகே கிடையாது. வாசனை கொஞ்சம் அப்படி இருக்கும்னு சிப்பாய்ங்க வச்ச பேரு அது. பட்ட இடம் கொப்புளிச்சுப் போயிடும், கண்ணு தெரியாமப் போயிடும்."

"கடுகு இல்லாம கடுகு வாயு எப்படிங்கம்மா வரும்?"

"மயில்துத்தத்துல எந்த மயிலைப் புடிச்சுப் போட்டாங்க?"

சகாதேவன் நிஜமாகவே யோசித்தார். "மயில் தேசியப் பறவைங்கம்மா. அது வனத்துறை."

சந்திரகலாவுக்குப் பொறுமை என்பது எப்போதுமே கம்மி. இருந்தாலும் அன்றைக்கு உட்கார்ந்து சொன்னாள். அவள் படித்த கான்வென்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். நன்னெறி வகுப்பில் நன்னெறியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லித்தருவார். அவருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் முதல் உலகப் போரில் ஜெர்மன்காரன் காற்று தன் பக்கமிருந்து வீசுகிற வேளை பார்த்துச் சிலிண்டர்களைத் திறந்துவிட்டான். வந்தது குளோரின். பச்சையும் மஞ்சளுமாக, தரையோடு தரையாக, ஊர்ந்து வந்ததாம். ஜெர்மன்காரன் செய்தது அநியாயம் என்று பிரிட்டிஷ்காரன் கோபப்பட்டான்; கோபம் ஆறுவதற்குள் தானும் அதையே செய்தான். அப்புறம் இன்னும் மோசமானவை வந்தன. கடுகு வாயு அதில் ஒன்று. போர் முடிந்ததும் எல்லா நாடுகளும் வட்டமேஜையில் உட்கார்ந்து இனிமேல் இதைப் போடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டன. போடுவதில்லை என்றுதான் கையெழுத்து. செய்வதில்லை என்று யார் சொன்னது. பேனாவை மூடிவிட்டு ஆலையைத் திறந்தார்கள். போன வருடம்கூட மேற்காசியாவில் குர்து ஜனங்களின் ஊர் ஒன்றில் போட்டு, தெருத்தெருவாகப் பிணம் கிடந்த படம் பேப்பரில் வந்தது.

"சிஸ்டரோட அப்பா அதுல மாட்டித் தப்பிச்சவரு. சாகற வரைக்கும் உக்காந்துக்கிட்டேதான் தூங்குனாராம். படுத்தா மூச்சு வராது. சிஸ்டர் எங்களுக்குக் கடைசியா சொல்லித் தந்தது இதுதான் சார்: புகை தரையோட வந்தா படுக்காதே, மேல ஏறு, வாயில ஈரத்துணி."

சகாதேவன் கண் கலங்கிவிட்டது. சொற்பொழிவுக்கு மிகவும் உருக்கமாக இருக்கும் என்று குறித்துக்கொண்டார். அந்த ஈரத்தோடு ஈரமாகச் சந்திரகலா இன்னொன்றையும் சொன்னாள். அவர் ஆபீசுக்குப் பின்னால் குடிநீர்த் தொட்டி இருக்கிறது. தீபக் கூட்டத்துக்காக அங்கே தகரக் கொட்டகை போட்டு, புதிதாக ஒரு சிலிண்டர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது குளோரின். சில நாள் காலையில் பிளீச்சிங் பவுடர் நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. ஊரைக் காப்பாற்றுகிற எண்ணமிருந்தால் அதைப் போய்ப் பார்க்கலாம்.

"குளோரின் குடிநீர்ப் பிரிவுங்கம்மா. எங்க சுற்றறிக்கையில இல்ல."

"முதல்ல போட்டதே அதுதான்னு இப்பத்தானே சொன்னேன்."

"நீங்க சொல்றது வெளிநாட்டுக் குளோரின். இது நாம குடிக்கிற தண்ணில கலக்கறது. ஆயுதமா இருந்தா அரசாங்கம் குடிக்கச் சொல்லுமா?"

மறுவாரம் தெருமுனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுமக்களுக்கு இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில், தற்காப்புப் பிரிவு அலுவலகத்தைச் சுற்றியுள்ள பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்படுகிறது. மேற்படி பகுதிக்குள் கடுகை வெடிக்கச் செய்தல், வெடிக்கச் செய்ய முயலுதல், வெடிக்கச் செய்யும் நோக்கத்தோடு எண்ணெய் காயவைத்தல் ஆகியன தடை செய்யப்படுகின்றன. வெடிக்காத கடுகை வீட்டில் வைத்திருக்க அனுமதி பெறவேண்டும்.

தெருவே பொங்கி எழும் என்று சந்திரகலா எதிர்பார்த்தாள். தெரு பொங்கித்தான் எழுந்தது. எழுந்து நேராக அனுமதி வாங்கப் போய் வரிசையில் நின்றது. முத்திரை குத்திய தாள் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு மோகம். முதலில் வாங்கிய வீட்டுக்காரம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பெண்ணின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரம்மா தனக்குச் சிறுகடுகுக்கு ஒன்று, பெருங்கடுகுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கிவந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், எங்கள் ஊரையும் சேருங்கள் என்று மனு கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக் கடுகு மட்டும் என்ன பாவம் செய்ததாம்.

"உன் கடுகுக்கும் ஒண்ணு வாங்கிட்டா என்ன?" என்று சக்கரபாணி மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"என் அஞ்சறைப்பெட்டிக்கு யார்கிட்டயும் லைசென்ஸ் கேக்க மாட்டேன்" என்று சந்திரகலா முடித்துவிட்டாள். அவ்வளவு வீராப்பு போளூரிலிருந்து சம்பந்தியம்மா வருகிற வரைக்கும்தான் நின்றது.

சந்திரகலாவின் ஒரே பெண் ஆதிலட்சுமிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு ஐப்பசி கடைசியில் நாள் பார்த்திருந்தது. அதைப் பேசி முடிக்கத்தான் மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாள் வந்திருந்தாள். குறை கண்டுபிடிப்பதில் சம்பந்தியம்மாவுக்குத் தனித்திறமை உண்டு. கல்யாணத்தில் அப்பளம் பொரிந்த சத்தம் போதவில்லை என்று சொன்னவள். முதலில் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். தெருவில் எல்லார் வீட்டிலும் சட்டம் போட்ட கடுகு லைசென்ஸ் தொங்குகிறதே, இங்கே ஆணிகூட இல்லையே என்று விசாரித்தாள். பிறகு ஜன்னல் வழியே தெருமுனை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வளைகாப்புக்குக் கலந்த சாதம் எப்படிச் செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள்.

புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்றாள் சந்திரகலா. கடுகு நெடி வராதபடி ஏதாவது செய்துகொள்ளலாம்.

ரேணுகாம்பாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வழக்கத்துல தாளிக்காத சோறு சாவு வீட்டுலதான் போடுவாங்க. வயித்துப் புள்ளைக்காரிக்கு அதைப் போட்டீங்கன்னா நான் பொண்ண அன்னைக்கே போளூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். பிரசவம் அங்கதான்."

சொன்னபடி செய்கிறவள். ஆதிலட்சுமி அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது அப்படித்தான் சுற்றிக்கொள்வாள். பெண்ணின் தலைப்பிரசவம் தன் கையில் நடக்க வேண்டும் என்ற ஒரே ஆசையைத்தான் சந்திரகலா இத்தனை மாதமாக அடைகாத்து வந்தாள். அதற்காக ஜெர்மன்காரனோடு கூட சமாதானம் பேசத் தயார்.

மறுபடி பக்கத்து ஆபீசுக்குப் போனாள். இந்தத் தடவை சகாதேவன் அவளைவிடப் பரிதாபமாக இருந்தார். ஒத்திகைக்கு நாள் குறித்தாயிற்று, பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, பெரிய அதிகாரிகள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். எதிரிதான் கிடைக்கவில்லை. தாக்குதலுக்குப் புகைக்குண்டு கேட்டு எழுதியதற்கு, உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கவும் என்று பதில் வந்திருந்தது.

ஒத்திகை நாளைக் கேட்டாள். வளைகாப்பு நாளேதான். முகூர்த்த நாள் பார்த்துத்தான் போர் வைத்திருந்தார்கள்.

அவள் வீட்டில் அன்று கடுகு வேண்டும். அவர் ஆபீசுக்கு அன்று புகை வேண்டும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் உத்தரவு தட்டச்சாகி வந்துவிட்டது. மேற்படி தேதியில் திருமதி சந்திரகலா அவர்களின் சமையலறையும் அதனைச் சார்ந்த புழக்கடையும், காலை முதல் ஒத்திகை முடியும்வரை எதிரி நாடாகக் கருதப்படும். எதிரி நாடு தனது சொந்தச் செலவில் கடுகு வாயுத் தாக்குதல் நடத்த இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது. எதிரி நாட்டோடு பொதுமக்களோ ஊழியர்களோ பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளலாகாது.

சக்கரபாணி அதை நாலு தடவை படித்தார். "வாடகை வீட்ட நாடுன்னு எழுதியிருக்கான் பாரு" என்றார். குரலில் பெருமை இருந்ததா, பயம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. மறுநாளே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்துவிட்டது. சம்பந்தியம்மா கேட்ட ஆணியும் அடித்தாயிற்று.

அடுத்தாற்போல் தெருவில் சாவுக்குச் சிபாரிசு பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒத்திகையில் தாக்குண்டவர்களாகக் கிடப்பதற்கு ஆள் வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். கிடந்தவர்களுக்கு மத்தியானம் எதிரி நாட்டிலிருந்து கலந்த சாதம் என்பதும் பரவிவிட்டது. இலேசான காயம், பலத்த காயம், மரணம் என்று மூன்று வகுப்பு. அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் இலேசான காயத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்கள். அதில் தலையில் சின்னதாக ஒரு கட்டுதான், கொண்டை கலையாது. தனக்குப் பலத்த காயம் கொடுத்துவிட்டு, தன் கீழ் வேலை பார்க்கிறவன் மனைவிக்கு இலேசான காயம் கொடுத்தது எந்த நியாயம் என்று ஒரு கண்காணிப்பாளர் ஆபீசு வாசலில் சத்தம் போட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற அர்ஜுனனுக்கு மரணம் கிடைத்தது. அவனுக்கு ஏக சந்தோஷம். வேலைக்கு வந்த நாள் முதல் பகலில் படுத்ததில்லையாம்.

ரேணுகாம்பாளுக்கு இது தெரிந்ததும், சம்பந்தி வீட்டாரை மதிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டாள். காயமெல்லாம் தீர்ந்துவிட்டது. நல்ல காரியத்து நாளில் மரணம் ஆகாது. கடைசியில் சகாதேவன் மேலிடத்துக்குத் தந்தி கொடுத்து, அவளுக்காகவே மயக்கம் என்று புதிதாக ஒரு வகுப்பு உண்டாக்கினார். அரக்குப் பட்டுப்புடவையில், சொந்தப் பாயில், மயங்கலாம்.

விழப்போகிறவர்களுக்கான விதிகளை வேடியப்பன் வீடுவீடாக வந்து ஒப்பித்தார். சங்கு ஊதினதும் விழவேண்டும். மறுசங்கு ஊதுகிற வரையில் எழக்கூடாது. பேசக்கூடாது, இருமக்கூடாது, கொசு கடித்தால் சொறியக்கூடாது. எதிரி நாட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது.

அன்று காலை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மலை உச்சியில் மேகம் இல்லை. ஆபீசுக்குப் பின்னால், தொட்டியடித் திடலில் பந்தல், நாற்காலிகள், பெரிய அதிகாரிகள். தகரக் கொட்டகைக்கும் தொட்டித் தூணுக்கும் நடுவில், இரசாயனப் போரிலிருந்து உங்களைக் காப்போம் என்று ஒரு நீளத் துணி கட்டியிருந்தது. வீட்டுக் கூடத்தில் ஆதிலட்சுமி, ஜரிகை போட்ட பச்சைப் புடவையில், ஒரு கையில் வேப்பிலைக் காப்போடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வளையல் அடுக்குவது ஒத்திகைக்குப் பிறகு, சம்பந்தியம்மா மயக்கம் தெளிந்து வந்ததும்.

சகாதேவன் வரலாற்றுச் சொற்பொழிவு ஆற்றினார். சிஸ்டரின் அப்பாவைச் சொல்கிற இடத்தில் அவருக்கே நா தழுதழுத்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு அவரும் ஊழியர்களும் முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். டப்பா இல்லாத குழாய் தொங்கி ஆடியது. பார்க்க நன்றாயில்லை என்று எல்லோரும் முனையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்வது யாருக்கும் புரியவும் இல்லை. நிர்வாகத்தில் இது பெரிய மாறுதல் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சங்கு ஊதியது. எதிரி நாடு புழக்கடைக் கோட்டை அடுப்பில் அண்டா அளவு வாணலியை ஏற்றி, நல்லெண்ணெய் காய்ந்ததும் கை நிறையக் கடுகை அள்ளிப் போட்டது. வெடித்த வெடிப்பில் காக்கை பறந்தது. மேலே வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். புகை சுவரேறிக் குதித்தது. தெரு ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் படாமல், புடவை மடிப்புக் கலையாமல், வகுப்பு வாரியாக விழுந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்திரகலாவின் தாளிப்புக்குச் சம்பந்தியம்மா மயங்கிக் கிடந்தாள். சந்திரகலா அதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு நிமிஷம் ரசித்தாள். அவள் பங்குக்கு அந்தப் பாவமும் உண்டு.

புளிக்காய்ச்சலில் தாளிப்பைக் கொட்டிக் கிளறும்போதுதான் மூக்கில் வேறு ஒன்று ஏறியது. கடுகும் இல்லை, மிளகாயும் இல்லை. பிளீச்சிங் பவுடர். இத்தனை நாள் காலையில் வந்தமாதிரி லேசாக இல்லை. தொண்டையில் ஆணி வைத்து இறக்குகிறமாதிரி.

முக்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தாள். கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. நீளத் துணியைக் கட்டுவதற்குக் கொட்டகையில் வேறு பிடிமானம் கிடைக்காமல், கயிற்றைச் சிலிண்டர் வால்விலேயே சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். காற்றில் துணி உப்பியது. உப்பும்போதெல்லாம் கயிறு இழுத்தது. உங்களைக் காப்போம் என்கிற எழுத்து ஒவ்வொரு தடவை விரியும்போதும் வால்வு ஒரு மயிரிழை திரும்பியது. கொட்டகை வாசலில் பச்சையும் மஞ்சளுமாக, தரையோடு தரையாக, ஒன்று ஊர ஆரம்பித்திருந்தது. ஓரத்துத் தும்பைச் செடி வெளிறித் தலை சாய்ந்தது. அங்கிருந்து சரிவு நேராக மரண வகுப்புக்குத்தான் போகிறது, அதற்கடுத்து மயக்கம்.

சந்திரகலா உள்ளே ஓடினாள். கூடத்திலிருந்த துண்டு, தோரணத்துக்கு வைத்த மஞ்சள் துணி எல்லாவற்றையும் அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். ஆதிலட்சுமியையும் உடனிருந்த பெண்களையும் மொட்டை மாடிக்கு விரட்டினாள். ஏன் எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சிஸ்டர் சொன்னார் என்று சொன்னாள். எந்தச் சிஸ்டர் என்று கேட்க அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. சக்கரபாணி தாமாகவே முதலில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

பிறகு ஈர முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு மறுபடி முக்காலியில் ஏறினாள். சகாதேவனைக் கூப்பிட்டாள். அவர் திரும்பி, முகமூடிக்குள் கண்ணை உருட்டி, கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைத் தூக்கிக் காட்டினார். எதிரி நாடு சரணடைவது உச்சிப்பொழுதுக்குத்தான் என்று அதில் இருந்தது. கொட்டகையைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்து, குடிநீர்ப் பிரிவு என்று சைகை செய்தார். குழாய் பிடித்துத் தண்ணீர் குடிக்கிறமாதிரி, மிகத் தெளிவாக. பெரிய அதிகாரிகள், எதிரி நாட்டம்மாள் நன்றாக நடிக்கிறாள் என்று தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். வேடியப்பனைக் கூப்பிட்டாள். அவர் குற்ற உணர்ச்சியோடு வேறு பக்கம் பார்த்தார். பதிலைக் கொண்டுபோக இன்னும் உத்தரவு வரவில்லை.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று கத்தினாள். "படுக்காதீங்க. அது கீழதான் வரும்."

பலத்த காயத்தில் யாரோ இருமினார்கள். மரணத்திலிருந்து உஸ் என்று ஒருவர் அதட்டினார். இருமல் நின்றது. சம்பந்தியம்மா ஒரு கண்ணைப் பாதி திறந்து, கூப்பிடுவது யார் என்று பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள். வால்வு மூடுகிற சாவி அர்ஜுனனின் இடுப்பில் பளபளத்தது. அவன் மார்மேல் கைகோத்து, ஊரே மெச்சும்படி, அசையாமல் கிடந்தான். மாடியிலிருந்து ஆதிலட்சுமி, "அம்மா, மேல வந்துடும்மா" என்று அழுதாள்.

துணி உப்பியது. சந்திரகலா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். எடுத்தால்தான் குரல் தெளிவாகக் கேட்கும்.

"அர்ஜுனா, செத்தது போதும்பா. எழுந்து வந்து அந்த வால்வ மட்டும் மூடிட்டு, அப்புறமா வேணும்னா மறுபடியும் படுத்துக்கோ."